ஒரு டார்ச் பல்பும் இரண்டு மின்கலங்களும்: மின்சுற்றையும் மின்னோட்டத்தின் விளைவுகளையும் செய்து பார்க்கும் முறை

மின்வெட்டு நீங்கியவுடன் "கரண்ட் வந்துவிட்டது" என்று சொல்வது நம் வழக்கம். வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்திருப்பது மின்னழுத்தம் மட்டுமே; ஏதேனும் ஒரு சுவிட்சைப் போட்ட பிறகுதான் மின்னோட்டம் பாய்கிறது. மாதக் கடைசியில் "கரண்ட் பில்" என்று நாம் கட்டுவதோ அழுத்தத்துக்கும் அன்று, ஓட்டத்துக்கும் அன்று; செலவழித்த ஆற்றலுக்கு. இப்படி மூன்று வேறு பொருள்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், பாடப்புத்தகத்தில் மின்னியலைப் படிக்கத் தொடங்கும்போது பலருக்கும் தலை சுற்றுகிறது. போதாக்குறைக்கு 'மின்தடை' என்பது செய்தித்தாளில் மின்வெட்டையும் பாடத்தில் கம்பியின் எதிர்ப்பையும் குறிக்கிறது. (இக்கட்டுரையில் அது இரண்டாவது பொருளில் மட்டுமே வரும்.) வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சிறிய சுற்றைக் கையால் அமைத்து, அதன் ஒவ்வொரு புள்ளியிலும் என்ன நடக்கிறது என்று அளந்து பார்ப்பதே இக்குழப்பம் தீர எளிய வழி என்பது என் கருத்து.

தேவையான பொருள்கள்

1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, அவற்றைப் பொருத்தும் பிளாஸ்டிக் தாங்கி, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட பழைய வகை டார்ச் பல்புகள் இரண்டு, அவற்றுக்கான ஹோல்டர்கள், ஒரு மீட்டர் பிளாஸ்டிக் உறையிட்ட செம்புக் கம்பி, நான்கைந்து குரோக்கடைல் கிளிப்புகள், விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, சிறிய திசைகாட்டி ஒன்று, நான்கு அங்குல இரும்பு ஆணி ஒன்று, மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி மூன்று மீட்டர், இருபுறமும் சீவிய பென்சில் ஒன்று, சிறிது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). சுவிட்சுக்கு ஓர் அட்டைத் துண்டில் இரண்டு டிராயிங் பின்களைக் குத்தி, அவற்றுக்கு இடையே ஒரு ஜெம் கிளிப்பைத் திருப்பும்படி வைத்தாலே போதும். எல்.இ.டி. பல்பு முதல் சுற்றுக்கு வேண்டாம். அது ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும் என்பதால், தொடக்கத்திலேயே தேவையற்ற குழப்பம் வரும்.

இங்கே சொல்லப்படும் சோதனைகள் எல்லாம் சாதாரண மின்கலங்களைக் கொண்டு மட்டுமே செய்ய வேண்டியவை. சுவரிலுள்ள 230 வோல்ட் இணைப்பையோ, இன்வெர்ட்டர் பேட்டரியையோ, கைப்பேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியையோ எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. இதற்கான காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவி வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அதற்கு மேல் உடலில் பாய்ந்தால் உயிருக்கு ஆபத்து. நம் டார்ச் பல்பிலோ அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 300 மில்லி ஆம்பியர் பாய்கிறது. ஆயினும் அந்த மின்கலத்தைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. உலர்ந்த தோலின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் இருக்கும். 10,000 ஓம் என்று கொண்டால், 3 வோல்ட் அழுத்தத்தால் அதன் வழியே தள்ள முடிவது 0.3 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதே உடலில் 230 வோல்ட் பட்டால் 23 மில்லி ஆம்பியர். கை ஈரமாக இருந்தால் தடை குறைந்து, ஓட்டம் அதைவிடப் பல மடங்கு கூடும்.

முதல் சுற்று

மின்கலத் தாங்கியின் நேர்முனையிலிருந்து ஒரு கம்பியைச் சுவிட்சுக்கும், சுவிட்சிலிருந்து பல்பின் ஒரு முனைக்கும், பல்பின் மறுமுனையிலிருந்து மின்கலத்தின் எதிர்முனைக்கும் இணைத்து, சுவிட்சை மூடினால் பல்பு எரியும். எரியாவிட்டால் பல்பைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: கம்பி முனையில் பிளாஸ்டிக் உறை முழுமையாக நீக்கப்பட்டுள்ளதா, தாங்கியின் சுருள்வில்லில் துரு ஏறியுள்ளதா, பல்பின் அடிப்பொட்டு ஹோல்டரின் நடுத் தகட்டைத் தொடுகிறதா. என் அனுபவத்தில் பெரும்பாலான சமயங்களில் குறை மூன்றாவது இடத்தில்தான் இருக்கும். பல்பை இன்னும் அரைத் திருகு திருகினால் சரியாகிவிடும்.

எரியும் பல்பைப் பார்க்கும் எவருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம் ஒன்று உண்டு. மின்கலத்திலிருந்து மின்னோட்டம் கிளம்பி வந்து, பல்பில் கொஞ்சம் தீர்ந்து, மிச்சம் மட்டும் திரும்பிப் போகிறது என்பதே அது. நானும் பள்ளி நாள்களில் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதைச் சோதிக்க மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பொதுத் துளையிலும் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையிலும் செருகி, திருகியை நேர்மின்னோட்டத்துக்கான 10 ஆம்பியர் அளவுக்குத் திருப்புங்கள். மின்னோட்டத்தை அளக்க, சுற்றை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரைப் பாலம்போல் வைக்க வேண்டும். முதலில் மின்கலத்துக்கும் சுவிட்சுக்கும் இடையிலும், பிறகு சுவிட்சுக்கும் பல்புக்கும் இடையிலும், கடைசியாகப் பல்புக்கும் எதிர்முனைக்கும் இடையிலும் வைத்துப் பாருங்கள். 0.28 என்று காட்டினால் மூன்று இடத்திலும் 0.28தான், பல்பைத் தாண்டிய பிறகும் ஓட்டம் இம்மியும் குறைந்திருக்காது.

பல்பில் மின்னோட்டம் தீர்வதில்லை. ஓட்டம் சுமந்துவரும் ஆற்றல்தான் அங்கே வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகிறது. 0.3 ஆம்பியர் என்றால் கம்பியின் எந்த ஒரு குறுக்குவெட்டையும் நொடிக்கு ஏறத்தாழ 18,700 கோடி கோடி எலக்ட்ரான்கள் கடக்கின்றன என்று பொருள். எண்ணிக்கை இவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவற்றின் நடை மிக மெதுவானது. அரைச் சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் இந்த ஓட்டம் பாயும்போது, ஓர் எலக்ட்ரான் சராசரியாக ஒரு மீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனாலும் சுவிட்சைப் போட்ட கணமே பல்பு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதுதான். தண்ணீர் நிறைந்திருக்கும் தோட்டத்துக் குழாயில் ஒரு பக்கம் திறந்தவுடன் மறுபக்கம் கொட்டுவதைப் போன்றது இது. எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து கிளம்பி நேர்முனைக்குச் செல்கின்றன. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படும் முன்பே வழக்கில் நிலைத்துவிட்டதால், மின்னோட்டத்தின் திசையை மட்டும் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு என்றே இன்றும் வரைகிறோம்.

அடுத்து மின்னழுத்த வேறுபாட்டை அளக்கலாம். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து, வோல்ட் என்று குறித்த துளைக்கு மறக்காமல் மாற்றுங்கள். மாற்றாமல் மின்கலத்தின் இரு முனைகளில் வைத்தால், மீட்டர் ஒரு வெறும் கம்பியைப்போல் நடந்துகொண்டு குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கும். மீட்டர் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு மறதியால்தான். வோல்ட் அளக்கச் சுற்றைப் பிரிக்க வேண்டியதில்லை. எரியும் பல்பின் இரு முனைகளையும் தொட்டால் போதும். சுவிட்சைத் திறந்திருக்கும்போது மின்கலங்களின் முனைகளுக்கிடையே 3 வோல்ட்டை ஒட்டிய அளவும், மூடியபின் அதைவிடக் குறைந்த அளவும் காட்டுவதைக் கவனியுங்கள். மின்கலத்துக்கு உள்ளேயும் ஒரு தடை உண்டு. ஓட்டம் பாயும்போது அழுத்தத்தின் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது. இரண்டு மின்கலம் போடும் டார்ச்சுக்கு 2.5 வோல்ட் பல்பு பொருந்துவதன் காரணமும் இதுவே.

1827இல் ஜெர்மானியரான கியோர்க் ஓம் வெளியிட்ட விதி நாம் அறிந்ததே: வெப்பநிலை மாறாதிருந்தால், கடத்தியின் மின்னழுத்த வேறுபாடு அதில் பாயும் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், அந்த விகிதமே மின்தடை. 2.5 வோல்ட்டை 0.3 ஆம்பியரால் வகுத்தால் பல்பின் தடை 8.3 ஓம். இனி பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து நேரடியாக அளந்து பாருங்கள். ஓரிரு ஓம் மட்டுமே காட்டும். மீட்டர் பழுதில்லை. உலோகம் சூடேறச் சூடேற அதன் தடை கூடும். வெள்ளை வெளிச்சம் தரும் அளவுக்குக் கொதிக்கும் டங்ஸ்டன் இழையின் தடை, குளிர்ந்த நிலையில் இருப்பதைப்போல் பல மடங்கு. விதியில் வரும் "வெப்பநிலை மாறாதிருந்தால்" என்ற சிறு நிபந்தனையைத் தேர்வில் விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள், இந்தப் பல்பை ஒருமுறை அளந்துவிட்டால் பிறகு விடமாட்டார்கள்.

தொடரிணைப்பும் பக்க இணைப்பும்

இரண்டாவது பல்பையும் அதே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் அது தொடரிணைப்பு. இரண்டும் மங்கலாக எரியும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். திருவிழாவில் பந்தலில் தொங்கும் 'சீரியல் செட்' பெயரிலேயே இந்த இணைப்பு இருக்கிறது. பழைய செட்டுகளில் 6 வோல்ட் பல்பு என்றால், 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ள 38 அல்லது 39 பல்புகளை ஒரே வரிசையில் கோக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று போனாலும் வரிசை முழுதும் இருண்டுவிடும். மின்னோட்டத்தை அளந்தால் ஒரு வேடிக்கை: தடை இரண்டு மடங்கானதால் ஓட்டம் பாதியாகி 0.15 வரும் என்று எதிர்பார்ப்போம், மீட்டரோ 0.2 ஆம்பியரை ஒட்டிக் காட்டும். மங்கலாக எரியும் இழையின் சூடு குறைவு, ஆகவே அதன் தடையும் குறைவு என்பதை முன்பத்தியைப் படித்தவர்கள் தாமே ஊகித்திருப்பார்கள்.

இரண்டு பல்புகளையும் தனித்தனியே மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேராக இணைத்தால் அது பக்க இணைப்பு. இரண்டும் கிட்டத்தட்ட முழு வெளிச்சத்தோடு எரியும். மின்கலத்திலிருந்து வரும் மொத்த ஓட்டமோ ஏறத்தாழ இரு மடங்காகும். நம் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, மிக்சி எல்லாம் இப்படித்தான் இணைக்கப்பட்டுள்ளன. ஒரே நீட்டிப்புப் பலகையில் பல சாதனங்களைச் செருகினால் அதன் ஒற்றைக் கம்பி சூடாவதும் இதனால்தான்: ஒவ்வொன்றின் ஓட்டமும் கூடி, அத்தனையும் அந்த ஒரு கம்பி வழியே போக வேண்டியிருக்கிறது.

வெப்ப விளைவு

கடத்தியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும், தடைக்கும், நேரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை 1841இல் ஜேம்ஸ் ஜூல் நிறுவினார். இதைக் காண, பாலிஷ் போடப் பயன்படும் மெல்லிய ஸ்டீல் வுல்லிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு கிளிப்புகளுக்கிடையே பிடித்து, அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்து, இரண்டு மின்கலங்களையும் இணையுங்கள். இழை சிவந்து அறுந்து விழும்; சுற்று தானாகவே துண்டிக்கப்படும். உருகி என்று நாம் சொல்லும் ஃபியூஸ் செய்யும் வேலை இதுவே. பெரியவர் ஒருவர் உடனிருக்க, மீதி ஸ்டீல் வுல்லைத் தொலைவில் வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். அது எளிதில் தீப்பற்றும்.

இழை உருகும்போது அதோடு தொடராக இணைந்த செம்புக் கம்பி ஏன் சூடாகவில்லை? இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் நைக்ரோம் சுருளின் தடை சுமார் 53 ஓம். இரண்டு மீட்டர் நீளமும் 0.75 சதுர மில்லிமீட்டர் பருமனும் கொண்ட அதன் வயரில் போகவும் வரவுமாக நான்கு மீட்டர் செம்பு இருக்கிறது. அதன் மொத்தத் தடை 0.09 ஓம்தான். ஓட்டம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே சுருளில் 1000 வாட் வெப்பம் பிறக்கும்போது வயரில் பிறப்பது இரண்டு வாட்டுக்கும் குறைவு.

இதே கணக்கைக் கொஞ்சம் மாற்றினால் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது புலப்படும். எங்கள் வீட்டு கீசரின் பிளக் ஒருநாள் பழுப்பேறி, கருகிய வாடை வீசியது. கீசர் நன்றாகத்தான் இருந்தது. சாக்கெட்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருந்தது. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் எடுக்கும். தளர்ந்த அந்தத் தொடுபுள்ளியில் அரை ஓம் தடை வந்தாலே, அந்தக் கடுகளவு இடத்தில் 38 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சாலிடரிங் அயர்னைப் பிளக்குக்குள் வைத்து மூடியதற்குச் சமம் இது. எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டை மாற்றிய பிறகு பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. பிளக் சுடுகிறதென்றால் சாதனத்தைவிட முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தத் தொடுபுள்ளியையே.

காந்த விளைவு

1820இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டியின் முள் விலகுவதைக் கண்டார். அதை நாமும் காணலாம். இரும்பு மேசையையும் கைப்பேசியையும் தவிர்த்து, மரப்பலகையில் திசைகாட்டியை வைத்து, முள் அசைவற்று நின்றதும் கம்பியை அதன் மேலே வடக்கு தெற்காகப் பிடியுங்கள். மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே பாய்ந்தால் முள்ளின் வடமுனை மேற்கே திரும்பும். மின்கலத்தைத் திருப்பி இணைத்தால் கிழக்கே திரும்பும். கம்பியை முள்ளுக்கு அடியில் கொண்டுபோனால் விலகல் மீண்டும் எதிர்த்திசையாகும்.

ஆனால் பல்போடு இணைத்துச் செய்தால் விலகல் ஏமாற்றமளிக்கும் அளவுக்குச் சிறிதாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 0.3 ஆம்பியர் பாயும் கம்பி ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உண்டாக்கும் காந்தப்புலம் 6 மைக்ரோ டெஸ்லா. தமிழ்நாட்டில் புவிக்காந்தத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. இந்தப் போட்டியில் முள் பத்துப் பாகைகூடத் திரும்பாது. பல்பை நீக்கி நேரடியாக இணைக்கத் தோன்றும். அது குறுக்குச்சுற்று, மின்கலம் சுட்டுப் பாழாகும். மாறாக, எனாமல் கம்பியைத் திசைகாட்டியின் மேலும் கீழுமாகப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பல்போடு தொடராக இணைத்தால், மேற்கம்பியும் கீழ்க்கம்பியும் ஒரே பக்கம் தள்ளுவதால் முள் பளிச்சென்று திரும்பி நிற்கும். எனாமல் பூச்சு கண்ணுக்குச் செம்புபோலவே தெரியும்; இரு முனைகளிலும் அதை பிளேடால் சுரண்டி எடுக்காவிட்டால் எந்தச் சோதனையும் நடக்காது.

அதே கம்பியை ஆணியில் ஒரே திசையில் நெருக்கமாக நூறு சுற்றுச் சுற்றி, ஒரு மின்கலத்தோடு இணைத்தால் ஜெம் கிளிப்புகளைத் தூக்கும் மின்காந்தம் தயார். இங்கே பல்பு இல்லாததால் ஓட்டம் ஓரிரு ஆம்பியர் வரை போகும். ஐந்து நொடிக்கு மேல் இணைத்து வைக்க வேண்டாம். கதவு மணி, ரிலே, மின்மோட்டார் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஆணிதான்.

வேதி விளைவு

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர் எடுத்து, ஒரு தேக்கரண்டி மயில்துத்தத்தைக் கரையுங்கள். அது நஞ்சு, கையுறை அணிவதும், அந்த டம்ளரைப் பிறகு சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதும் கட்டாயம். உறை நீக்கிய செம்புக் கம்பியை ஒரு மின்கலத்தின் நேர்முனையோடும், பென்சிலின் மேல்நுனியிலுள்ள கரியை எதிர்முனையோடும் இணைத்து, இரண்டின் அடிநுனிகளும் ஒன்றையொன்று தொடாமல் கரைசலில் நிற்கும்படி வையுங்கள். சில நிமிடங்களில் பென்சிலின் கரிய நுனி செம்பு நிறமாக மாறியிருக்கும்.

சாவிக்கோ ஆணிக்கோ செம்பு முலாம் பூசும்படி பல குறிப்புகள் சொல்கின்றன. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரும்பை மயில்துத்தக் கரைசலில் வெறுமனே நனைத்தாலே, மின்கலம் எதுவும் இல்லாமல், செம்பு அதன்மேல் படியும். இரும்பு செம்பைவிட வினைத்திறன் மிக்கது என்பதால் நிகழும் இடப்பெயர்ச்சி வினை அது. அப்படியிருக்க, படிந்த செம்பு மின்னோட்டத்தால் வந்தது என்று எப்படிச் சொல்வது? பென்சில் கரியில் இந்தச் சிக்கல் இல்லை: இணைத்தால் படியும், இணைக்காவிட்டால் எவ்வளவு நேரமானாலும் படியாது. சோதனையை இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள்.

எவ்வளவு செம்பு படியும் என்பதை 1830களில் மைக்கேல் ஃபாரடே கண்ட விதிகளால் கணக்கிடலாம். 0.05 ஆம்பியர் பத்து நிமிடம் பாய்ந்தால் கடக்கும் மின்னூட்டம் 30 கூலூம். அதனால் படிவது சுமார் 10 மில்லிகிராம். நேர்முனையிலுள்ள செம்புக் கம்பி அதே அளவு கரைந்து இளைக்கும் என்பதால் கரைசலின் நீலம் மாறுவதில்லை. செம்பைத் தூய்மைப்படுத்தும் தொழிற்சாலைகளும் இதையே பெரிய அளவில் செய்கின்றன.

கடைசியாக மின்கலத்தைத் திருப்பி இணையுங்கள். இப்போது பென்சில் நுனியிலிருந்த செம்பு கரைந்து கம்பியின் மேல் போய்ப் படியும். நுனி மீண்டும் கறுக்கும். வெப்ப விளைவில் மின்னோட்டத்தின் திசை எதையும் மாற்றவில்லை, பல்பு எந்தப் பக்கம் இணைத்தாலும் எரிந்தது. காந்தமுள்ளும் இந்தச் செம்பும் மட்டுமே திசையைக் காட்டிக்கொடுக்கின்றன. முடிந்ததும் கரைசலைச் செடிக்கோ, மீன் இருக்கும் நீர்நிலைக்குச் செல்லும் வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். செம்பு மீன்களுக்குக் கொடிய நஞ்சு. மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அடுத்த முறைக்கும் அதுவே ஆகும். மின்கலங்களைத் தாங்கியிலிருந்து கழற்றி வையுங்கள். கிளிப்புகள் ஒன்றோடொன்று பட்டுக் கிடந்தால் மறுநாள் காலைக்குள் அவை தீர்ந்துபோயிருக்கும்.